அண்ணனுக்குக் கேட்ட வண்டி

என் அண்ணனுக்கு இந்த உலகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு சத்தம்தான், அவருடைய வண்டிச் சத்தம். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. மாதா கோயில் மணி போனது, குக்கர் விசில் போனது, வாசலில் மீன்காரி கூவுவது போனது. கடைசியாக என் குரலும் போனது. நான் வாயைத் திறந்தால் தெருக்கோடியில் இருப்பவர்கள் என்ன சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் குரலே போய்விட்டது என்றால் மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படி இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பீரங்கியை இழுத்துப் போகும் லாரிகளை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. மற்ற சொல்தாக்கள் ஊருக்குத் திரும்பும்போது வீடு கட்டினார்கள், நிலம் வாங்கினார்கள். இவர் கப்பலில் ஒரு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். அப்போதே பழசு. இரண்டு கதவு, இரண்டு பேருக்கு மட்டும் இடம், தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு. அதில் ஏறுவதென்றால் பாயில் உட்காருவதுபோல் முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். என் வயதில் அது ஒரு தண்டனை.

அண்ணி இறந்தாள். அவர்களுடைய ஒரே மகள் பாரீசிலேயே தங்கிவிட்டாள். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் நான் உப்பளம் பகுதியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டேன். ஒருத்தருக்கொருத்தர் துணை என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அவருக்கு என் வாய் தேவைப்பட்டது. நான் மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவள். அங்கே மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் நன்றாக அசைத்துப் பேசிக்கொள்வோம். எட்டு மணிநேர ஷிப்டு முழுக்க அப்படியே மாமியார் கதை, மாதச் சீட்டுக் கதை எல்லாம் ஓடும். மில்லை மூடிவிட்டார்கள், அந்தப் பேச்சு மட்டும் என்னோடு வந்துவிட்டது. அண்ணன் என் உதட்டைப் பார்த்துப் பார்த்து அதைப் பழகிக்கொண்டார். மற்றவர்கள் பேசுவதை அவரால் படிக்க முடியாது. வாயைத் திறக்காமல் பேசுகிறார்கள் என்று எரிச்சல்படுவார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் அழுத்தவே இல்லை. நரம்பு முழுக்கப் போய்விட்டது, கருவி வைத்தாலும் பயனில்லை என்றாள் சோதித்த பெண். அதை நான் உதட்டை அசைத்து அண்ணனுக்குச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு வெச்சிருக்கிற பெட்டி சரியில்ல பாப்பா. எனக்குத்தான் மொத்தேர் கேக்குதே. முழுசா போயிருந்தா அது எப்படிக் கேக்கும்?"

மொத்தேர் என்பது எஞ்சின். வண்டி சம்பந்தப்பட்ட எல்லாமே அவர் வாயில் பிரெஞ்சுதான். எனக்கு வயது அறுபதைத் தாண்டியும் நான் அவருக்குப் பாப்பாதான்.

அவர் சொன்னதை நானும் நம்பினேன். நம்புவதற்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வண்டியை எடுப்பார். சாவியைத் திருப்பி, எஞ்சின் பிடித்துக்கொண்டதும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். "இன்னிக்கு நல்லா பாடுது" என்பார். சில நாள், "லேசா இருமுது, பிளக்கைப் பாக்கணும்" என்பார். பார்த்தால் பிளக்கில் கரி பிடித்திருக்கும். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள்ளை நான் கையால் மறைத்துக்கொள்வேன். அவர் மிதித்துக்கொண்டே, "ரெண்டாயிரம்... இப்ப மூவாயிரம்" என்று சொல்வார். கையை எடுத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். இதைவிட ஒருத்திக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? எங்கள் அண்ணனுக்குக் காது முழுசா போகவில்லை என்று கோயிலில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தேன்.

கடற்கரை ரோட்டில் வடக்கே கனகசெட்டிக்குளம் வரைக்கும் போய்த் திரும்புவோம். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் அவர் தொடையில் நான் இரண்டு தட்டுத் தட்டுவேன். ஆம்புலன்ஸ் என்றால் கிள்ளுவேன். காலாப்பட்டைத் தாண்டியதும் அண்ணன் பாட ஆரம்பிப்பார். கோயிலில் அவர் வாயைத் திறப்பதில்லை. ஒருமுறை பாடப்போய்ச் சுருதி எங்கோ போக, பாட்டுக் குழுவில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்கள். அதை அவர் பார்த்துவிட்டார். ஆனால் வண்டியில் தைரியமாகப் பாடுவார். மொத்தேர் சுருதி கொடுக்கிறது என்பார். சுருதி சேர்ந்ததா இல்லையா என்று நான் கவனித்ததில்லை. அவர் குரல் அவருக்குள்ளிருந்து வெளியே வருவது அந்த ஒரு மணிநேரம்தான்.

இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வரும் வழியில் வண்டிக்கு அடியில் படபடவென்று வெடித்தது. சைலன்சர் பைப் இணைப்பில் விரிசல் விட்டிருந்தது. ரோட்டோர மெக்கானிக் குனிந்து பார்த்தார். பானட்டைத் திறந்து, அண்ணனை ஆக்சிலேட்டரை மிதிக்க வைக்கும்படி என்னிடம் சொன்னார். எஞ்சின் பேய் பிடித்த மாதிரி ஒரு பக்கமாக எழும்பி விழுந்தது.

"மவுண்டிங் ரப்பர் சுத்தமா பூட்டுதும்மா. எஞ்சின் இரும்பு மேல இரும்பா குந்தினு இருக்குது. இந்த ஆட்டத்துலதான் பைப்பு உடையுது. நாளைக்கு ரேடியேட்டர் குழாய் போவும். இப்படியே ஓட்டினீங்கன்னா ஒருநாள் எஞ்சினைக் கீழ இருந்து பொறுக்கினு வரணும்" என்றார்.

எனக்கு இது புதிய செய்தியில்லை. அந்த வண்டியில் உட்கார்ந்தால் என் பல்செட்டே ஆடும். பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரியும். கியர் கம்பி தானாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தோம்.

எஞ்சினுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் மெத்தை மாதிரி ரப்பர்க் கட்டைகள் உண்டு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கியர் பெட்டிக்கு அடியில் ஒன்று. மூன்றையும் மாற்ற வேண்டும். வெளியே கொடுக்க அண்ணனுக்கு மனமில்லை. இருக்கிற ஒரு சத்தத்தையும் எவனிடமாவது கொடுத்துக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று பயந்தார். "நாமே மாத்திடலாம் பாப்பா" என்றார். நாமே என்றால் அவர் படுப்பார், நான் விளக்குப் பிடித்துக்கொண்டு திட்டு வாங்குவேன் என்று பொருள். மகளிடம் சொல்லி, பாரீசிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெட்டியில் மூன்று ரப்பரையும் வரவழைத்தார். ஸ்வெட்டருக்குள் சுற்றிக் குழந்தை மாதிரி வந்து சேர்ந்தன.

வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஷெட்டில் வேலை ஆரம்பித்தது. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டைகள் மேல் நிறுத்தினார். பிறகு எஞ்சினைத் தனியாகத் தாங்க அடியில் ஜாக்கி. ஜாக்கியின் தலை நேராக ஆயில் சேம்பரில் பட்டால் நசுங்கிவிடும், நடுவில் பலகை வேண்டும் என்று உள்ளே போனவர் என் சப்பாத்திப் பலகையோடு வந்தார். நான் கத்தினேன். கத்தி என்ன பயன்? விளக்கை முகத்துக்கு நேரே பிடித்து, உதட்டை நன்றாக அசைத்து, இனி சப்பாத்தியை உன் முதுகில்தான் தேய்ப்பேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் போய்விட்டார். அன்று அவர் அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

இடதுபக்கம் சுலபமாக வந்தது. ரப்பர் இரண்டாகக் கிழிந்து, கையில் எடுத்ததும் ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. இரும்பும் இரும்பும் உரசிய இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. வலதுபக்க போல்ட்தான் உயிரை எடுத்தது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது, கதவுத் தாழ்ப்பாளே வருஷத்துக்கு ஒன்று போகும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். மறுநாள் காலையில் ஸ்பேனரைப் போட்டு ஒரு தொங்கு தொங்கினார். போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்தது.

சாரம் பகுதியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஒருவரைப் போன் போட்டு வரவழைத்தேன். சைலன்சர் பைப்பையும் அவரே கழற்றிப்போய் ஒட்டவைத்துக்கொண்டு வந்தார். கிரைண்டரைப் போட்டுப் போல்ட்டை அறுக்கும்போது தகர ஷெட் முழுக்க அலறியது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். அண்ணன் தீப்பொறிக்குப் பக்கத்தில் முகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம்கூட அசையவில்லை.

வெல்டிங்காரர் அறுத்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டார். "பெரியவருக்குக் காது சுத்தமா கேக்காதா?"

"வண்டி சத்தம் கேக்கும்" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் கிரைண்டர் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

மூன்று புது ரப்பர்களும் உட்கார்ந்தன. ஜாக்கியை மெதுவாக இறக்க, எஞ்சின் பெருமூச்சு விட்டதுபோல் அவற்றின் மேல் அமர்ந்தது. அண்ணன் போல்ட்டுகளை முடுக்கினார். நடுவில் நசுங்கிப்போன என் பலகையைத் துடைத்து என் கையில் கொடுத்தார். வண்டியைத் தரையில் இறக்கி, ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். எதிரில் திறந்த பானட்டுக்குப் பக்கமாக நானும் வெல்டிங்காரரும் நின்றோம்.

சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் பேய் இப்போது பூசையில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி ஆடாமல் அசையாமல் ஓடியது. பக்கவாட்டுக் கண்ணாடி நடுங்கவில்லை. அடங்கின குரலில் ஒரு சீரான உறுமல் மட்டும். எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். "பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார்.

ஓடுகிற எஞ்சினில் ஸ்டார்ட்டர் போய்க் கடித்தது. கர்ரென்று பல் பெயர்கிற சத்தம். வெல்டிங்காரர் "ஐயா, ஐயா!" என்று அலறினார். நான் ஓடிப்போய் ஜன்னலில் தலையை நீட்டி, "ஓடுதுண்ணா, ஓடுது" என்று உதட்டை அசைத்தேன்.

"எங்க ஓடுது?" என்றார். மறுபடி திருப்பினார். மறுபடி அதே கர்ர்.

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, முள்ளைக் காட்டினேன். பார்த்தார். ஆக்சிலேட்டரை மிதித்தார். முள் எழுந்தது. விட்டார், இறங்கியது. இன்னொருமுறை நன்றாக மிதித்தார். எஞ்சின் ஷெட் அதிரக் கத்தியது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இருக்கையைத் தடவிப் பார்த்தார். முதுகை நன்றாகச் சாய்த்து, கண்ணை மூடி, எதற்கோ காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"கேக்கல பாப்பா" என்றார்.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். "நல்லாத்தானே கீது, அவருக்கு என்னாவாம்?" என்று வெல்டிங்காரர் கேட்டார். நான் பானட்டை இறக்கி மூடினேன்.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது. மில்லில் பெல்ட் தளர்ந்தால் காதுக்கு முன்னால் உள்ளங்கால் சொல்லும். தரை நடுங்குவதை வைத்தே எந்த மெஷின் மக்கர் செய்கிறது என்று கண்டுபிடிப்போம். அண்ணன் இத்தனை காலம் கேட்டது முதுகெலும்பால், தொடையால், உள்ளங்கையால். காது தேயத் தேய ரப்பரும் தேய்ந்திருக்கிறது. ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது. எந்த நாளில் சத்தம் போய் நடுக்கம் வந்தது என்று அவருக்கே தெரியாது. கண்ணாடி அறைக்குள் அந்தப் பெண் வைத்திருந்த பெட்டி சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்கும் வரவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை. வண்டிக்கு ஏதும் குறையா என்று போனில் அண்ணன் மகள் கேட்டாள். ஒரு குறையும் இல்லை என்றேன். நான் எதைக் கேட்டாலும் அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அதையும் நிறுத்தினார். நான் எதிரில் போய் நின்று உதட்டை அசைக்க ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான், முடிந்தது. கதவைச் சாத்தினால் தட்டலாம். கண்ணைச் சாத்திக்கொண்ட மனிதரிடம் நான் எந்த வழியில் போவது? தட்டை முன்னால் வைத்து, தோளைத் தொட்டு, சாப்பிடு என்று காட்டிவிட்டு வருவேன். பாதி அப்படியே திரும்பி வரும். அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த மூன்று ரப்பர் மேலும், அதைச் சுமந்துகொண்டு வந்த கல்யாண வீட்டார் மேலும், ஆண்டவர் மேலும்.

ஒருநாள் மத்தியானம் அவர் படுத்திருக்கும்போது ஷெட்டுக்குப் போனேன். விளக்குப் பிடித்தவளுக்கு எந்த போல்ட் எங்கே என்று தெரியாதா? பழைய ரப்பரைத் திரும்ப மாட்ட வழியில்லை, அது பொடிப்பொடியாகக் குப்பைக்குப் போயிருந்தது. பானட்டைத் திறந்து இரண்டு பக்க போல்ட்டையும் தளர்த்தினேன். கழன்று விழாத அளவுக்கு, ஆனால் ஆடுகிற அளவுக்கு. சாவியைத் திருப்பிப் பார்த்தேன். வண்டி கடகடவென்று உதறியது. என் பல்செட் ஆடியது. ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இருக்கையில் தள்ளினேன். வேண்டாவெறுப்பாகச் சாவியைத் திருப்பினார். வண்டி உதறியது.

அவர் உடம்பு நிமிர்ந்தது. கண்ணை மூடினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். உதடு லேசாகப் பிரிந்தது, பாடப்போகிறவர் மாதிரி. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு வரவில்லை. கண்ணைத் திறந்து பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. கியர் கம்பியைப் பார்த்தார். பிறகு கிரீஸ் அப்பிய என் விரல்களைப் பார்த்தார்.

"போல்ட்டைத் தளத்தினியா?"

நான் விரல்களை முந்தானைக்குள் மறைத்தேன்.

"பைப்பு மறுபடி உடையும் பாப்பா."

"உடையட்டும்" என்றேன். "எது வேணா உடையட்டும். உனக்குக் கேக்குதில்ல?"

"இதுக்குப் பேரு கேக்குறது இல்ல" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் எனக்குக் கணக்குத் தப்பும்போது சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். எஞ்சினை அணைக்காமலே இறங்கினார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தார். நிறுத்திவிட்டுச் செய் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார். இடது கையை மட்காட்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, வலது கையால் போல்ட்டை முடுக்கினார். ஒரு சுற்று. கடகடப்பு குறைந்தது. இன்னொரு சுற்று. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் வந்தார். அங்கேயும் கை மட்காட்டின் மேலேயே இருந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி முடுக்கினார். பக்கவாட்டுக் கண்ணாடி அசைவதை நிறுத்தியது.

கடைசி இழுப்பு இழுத்து ஸ்பேனரைக் கீழே வைத்தார். எஞ்சின் அடங்கின குரலில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மட்காட்டின் மேல் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. இத்தனை நாளுக்கு அப்புறம் முகத்தைத் திருப்பி என் உதட்டைப் பார்த்தார்.

"நின்னுடுச்சா பாப்பா, ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுண்ணா" என்றேன்.